பூட்டிய வீட்டில் நிற்கும் காரின் பேட்டரி ஏன் இறங்குகிறது?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் 1998 மாடல் மாருதி 800 நிற்கிறது. சென்னையிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவோம். ஒவ்வொரு தடவையும் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. மறுபடி புதிது போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கும் கார்களில் இந்தத் தொல்லையை நிறையப் பார்க்கிறேன். நல்ல பேட்டரியையே மாற்றி மாற்றிப் பணம் போகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த முறை கிளம்பும்போது பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, நெகடிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து மாட்டியதும் வண்டி எடுத்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது, காரில்தான் ஏதோ கரண்ட்டை இழுக்கிறது. காரைக்குடி வரை ஒரு நடை ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்று நம்ப வேண்டாம். அடியோடு இறங்கிய பேட்டரிக்குச் சார்ஜரில் பல மணி நேரம் வேண்டும்.

எத்தனை நாளில் இறங்குகிறது என்பதே பாதித் துப்பு. இந்தக் காரில் பொதுவாக 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதாவது 1 ஆம்பியர் இழுத்தால் சுமார் 35 மணி நேரம் தாங்கும். 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும், நான்கு நாளுக்குள் பேட்டரி காலி. உங்களுக்கு இரண்டு வாரம் ஆகிறது என்றால் 100 மில்லி ஆம்பியர் அளவில் இழுப்பு இருக்கலாம். ஆகவே பல்பைவிட, பிறகு பொருத்திய ஸ்டீரியோ மீதுதான் என் சந்தேகம். அதில் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் கரண்ட் வேண்டும், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வரும் லைனில் சேர வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறவர்கள் உண்டு.

கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து உறுதி செய்யலாம். மீட்டரின் சிவப்பு ஒயரை அதன் 10 ஆம்பியர் துளையில் செருகி, மீட்டரை டிசி ஆம்பியரில் வைத்து, கழற்றிய நெகடிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் பிடியுங்கள். கதவுகள் மூடியிருக்கட்டும். இந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். ரிமோட் லாக் பொருத்தியிருந்தால் அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். பொதுவாக ஒரு காருக்கு 50 மில்லி ஆம்பியர் தாண்டக் கூடாது. உங்களுடையது போன்ற பழைய கார்புரேட்டர் மாடலுக்கு அதில் பாதியே அதிகம்.

கூடுதலாகக் காட்டினால் ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எதை எடுத்ததும் சட்டென்று இறங்குகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு.

எல்லா ஃப்யூஸையும் எடுத்தும் குறையவில்லையா? வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில், கரண்ட் திரும்பி வராமல் தடுக்கும் டயோடு கசியலாம். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் அந்த ஃப்யூஸ்கள் வழியாகப் போவதில்லை. மீட்டரை எடுத்துவிட்டு, நெகடிவ் கழன்றிருக்கும்போதே அந்த ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். இழுப்பு நின்றுவிட்டால் பேட்டரி கடைக்குப் போக வேண்டாம், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஆல்டர்னேட்டரைக் காட்டுங்கள்.