நுரை எங்கிருந்து வந்தது?

வணக்கம் ஐயா,

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். எலக்ட்ரிக் கெட்டிலின் அடியில் வெள்ளையாக உப்பு பிடித்திருக்கிறது. யூடியூபில் சொன்னபடி 100 மில்லி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடா போட்டேன். நுரை பொங்கி வழிந்தது, உப்பு அப்படியே இருக்கிறது. அளவைக் கூட்ட வேண்டுமா? வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் ஏன் சிவப்பாகிறது? பாத்ரூமுக்கு ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டால் பளிச்சென்று ஆகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போடலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடக் கூடாது. பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரில் இருப்பது ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-இல், பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மானியர் திறந்துவிட்டது இதே வாயுதான். ஜன்னல் சின்னதாக, கதவு சாத்தியிருக்கும் பாத்ரூமில் நெஞ்சடைக்க அதிக நேரம் பிடிக்காது. ஒன்றைப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மற்றதைப் போடுவதும் வேண்டாம். டைல்ஸ் இடுக்கிலும் கோப்பை வளைவிலும் மிச்சம் நிற்கும். ஆசிட் ஒரு நாள், பிளீச்சிங் இன்னொரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறிப்போய்க் கலந்துவிட்டால் அங்கேயே நின்று கழுவப் பார்க்காமல், கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி கெட்டில். பேச்சில் உப்பு என்கிறோமே தவிர, அது சாப்பாட்டு உப்பு அல்ல, கால்சியம் கார்பனேட். போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது, சூடானதும் கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கல்லாக அடியில் உட்காருகிறது. அதைக் கரைக்க அமிலம் வேண்டும், அமிலம் மட்டுமே வேண்டும்.

நீங்கள் செய்ததைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடை வினிகர் 4 சதவீதம் என்றால் 100 மில்லியில் 4 கிராம் அசெட்டிக் அமிலம். அதை முழுக்கத் தீர்த்துவிட 5.6 கிராம் ஆப்ப சோடா போதும், அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் கூட. நீங்கள் போட்டதோ சுமார் 28 கிராம். கல்லைத் தொடும் முன்பே அமிலம் சோடாவிடம் செலவாகிவிட்டது. மிஞ்சியது சோடியம் அசெட்டேட் கரைந்த தண்ணீரும் வேலையில்லாத சோடாவும். பொங்கிய ஒன்றரை லிட்டர் வாயு சோடாவிலிருந்து வந்ததே ஒழிய, உங்கள் கெட்டில் கல்லிலிருந்து அல்ல. இரண்டையும் இன்னும் கூட்டினால் நுரைதான் கூடும். அதே 100 மில்லி வினிகரைத் தனியாக ஊற்றியிருந்தால் கணக்குப்படி 3.3 கிராம் கல்லைக் கரைத்திருக்கும்.

வினிகர் வாடை பிடிக்காதென்றால் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 20 கிராம் போடுங்கள். கொதிக்கும்போது போட்டால் பொங்கி வழியும். போட்ட பிறகு கொதிக்க வைப்பதும் தவறு: கால்சியம் சிட்ரேட் சூட்டில் சரியாகக் கரையாது, வேறொரு வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். இப்போது அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி எழும்பும். அந்த நுரைதான் கல் கரைகிற நுரை. அரை மணி நேரத்தில் குமிழி அடங்கிய பின்னும் கல் இருந்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாக இன்னொரு தடவை. பிறகு இரண்டு முறை அலசி, ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள்.

எலுமிச்சம்பழமே பிழியலாமே என்பீர்கள். ஒரு பழத்தில் ஒன்றரை, இரண்டு கிராம் அமிலம் தேறினால் பெரிது, விலை கட்டாது. அமிலத் தண்ணீரைக் கடப்பா கல் மேடையில் சிந்தவும் வேண்டாம். அதுவும் சுண்ணாம்புக் கல்தான், பட்ட இடம் மங்கிப்போகும்.

ஆப்ப சோடாவுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. லேசான எண்ணெய்ப் பிசுக்கு, டப்பாவில் ஏறிய புளித்த வாடை, இதற்கெல்லாம் அது தனியாகவே போதும். தடித்த பிசுக்கென்றால் வெந்நீரில் சலவை சோடா; அலுமினியப் பாத்திரத்துக்கு மட்டும் அது ஆகாது, கறுத்துவிடும்.

வேட்டிக் கறைக்கு உங்கள் வீட்டு ஆரத்தித் தட்டே விடை. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதல்லவா? மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், காரம் (மிளகாய்க் காரமல்ல, அமிலத்துக்கு எதிரான ஆல்கலி) பட்டால் சிவக்கும், சோப்பும் காரம்தான். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இன்னும் சீக்கிரம். ஆனால் நிறம் மாறுவது வேறு, கறை போவது வேறு. சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு நல்ல வெயிலில் காயப் போடுங்கள். குர்குமின் வெயில் தாங்காது. பழைய கறையானால் இரண்டு மூன்று நாள் இப்படிப் போட வேண்டியிருக்கும்.