தலைப்பு வரியில் வேலையின் பெயரே இல்லை

உங்கள் லிங்க்ட்இன் சுயவிவரத்தில், பெயருக்குக் கீழுள்ள தலைப்பு வரியைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அந்தத் தளத்தில் ஆறு மாதமாக வேலைக்கு ஓர் அழைப்பும் இல்லை என்கிறீர்கள். ஆனால் ஐந்தாண்டு கணக்குப் பணி பார்த்த நீங்கள் அவ்வரியில் ‘நல்ல வாய்ப்பைத் தேடும் கடின உழைப்பாளி’ என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். ஆள் தேடுபவர்கள் பதவி, திறன், ஊர் ஆகியவற்றைக் கொண்டே வடிகட்டுகிறார்கள். ‘உழைப்பாளி’ என்று யாரும் தேடுவதில்லை. ‘சீனியர் அக்கவுண்டன்ட் | ஜிஎஸ்டி, டிடிஎஸ், டேலி பிரைம்’ என்பதுபோல், ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். 220 எழுத்துகள் வரை இடமுண்டு.

இன்னொரு காரணமும் இருக்கலாம். வேலை தேடுவது சென்னையில், சுயவிவரத்தில் இருக்கும் ஊரோ திருநெல்வேலி. அப்படியானால் ஊர்வாரியான வடிகட்டலிலேயே நீங்கள் கழிந்துபோவீர்கள்.

இவற்றை மாற்றி இரண்டு வாரம் கழித்து, தேடல்களில் எத்தனை முறை தோன்றினீர்கள் என்று தளமே காட்டும் எண்ணிக்கையைப் பாருங்கள். அது கூடியும் செய்தி வரவில்லையென்றால், குறை அனுபவப் பகுதியில் இருக்கக்கூடும். ‘கணக்குகளைப் பராமரித்தேன்’ என்பதற்குப் பதிலாக, மாதம் எத்தனை ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் ஜிஎஸ்டி கணக்குப் படிவங்களைத் தாக்கல் செய்தீர்கள், எத்தனை கிளைகளின் வங்கிக் கணக்குகளைச் சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை: படத்தைச் சுற்றிவரும் ‘ஓப்பன் டு ஒர்க்’ (வேலைக்குத் தயார்) என்ற பச்சை வளையம் உங்கள் மேலாளர் கண்ணிலும் படும். ஆள் தேடுபவர்களுக்கு மட்டும் காட்டும் தெரிவு உண்டு. ஆனால் உங்கள் நிறுவனத்தாருக்கு அது அறவே தெரியாது என்று லிங்க்ட்இனே உறுதி தருவதில்லை.