தையல் போடாமல் பசை ஒட்டி அனுப்பிவிட்டார்களா?

நான்கு வயது மகனுக்கு மேசை விளிம்பில் இடித்து நெற்றி கிழிந்தது, அவசரப் பிரிவில் தையல் போடாமல் பசை தடவினார்கள், கட்டும் இல்லை, களிம்பும் இல்லை, மறுபடி வரச் சொல்லவும் இல்லை, இது அலட்சியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அலட்சியம் இல்லை. விளிம்புகள் நன்றாகச் சேரும் சிறு கிழிசலுக்கு, அதுவும் நெற்றி போல அதிகம் இழுபடாத இடத்தில், இங்கே வெளிநாட்டில் இதுதான் வழக்கம். பிரிக்கத் தையல் இல்லை, அதனால் மறுதேதியும் இல்லை.

பசை காயத்துக்குள் போவதில்லை. சேர்த்துப் பிடித்த தோலின் மேல் மெல்லிய ஏடாக இறுகி நிற்கிறது. சிலவகைப் பசையில் ஊதாச் சாயம் இருக்கும். இரத்தக்கட்டு என்று பயப்படாதீர்கள். வீட்டு சூப்பர் குளூவும் இதே குடும்பம்தான், ஆனால் அது சூடேறித் தோலைப் புண்ணாக்கும். அடுத்த முறை நாமே ஒட்டிவிடலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

பெரும்பாலும் காரியம் கெடுவது அக்கறையால்தான். காயம் என்றாலே எதையாவது தடவக் கை போகும். ஆன்டிபயாடிக் களிம்பு, வாசலின், எண்ணெய், கிரீம் எல்லாமே அந்த ஏட்டை இளக்கிவிடும். காயம் ஒட்டுவதற்கு முன்பே பசை உரிந்து வாய் பிளக்கும். தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றிக்கு வழியும், அதையும் ஒத்திப்போடுங்கள்.

முதல் 24 மணி நேரம் பசையைத் தொடவே வேண்டாம். முதல் 5 நாட்கள் நனையாமல் பாருங்கள்: கழுத்துக்குக் கீழே மட்டும் குளிப்பாட்டி, காயத்தைத் தவிர்த்து முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தவறி நனைந்தால் தேய்க்காமல் மென்துணியால் ஒத்தி எடுங்கள். நீச்சல் காயம் முழுதாக ஆறிய பிறகுதான். மருத்துவமனை தந்த தாளில் வேறு நாள்கணக்கு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பிளாஸ்டரை நேராகப் பசைமேல் ஒட்டினால், எடுக்கும்போது ஏடும் சேர்ந்து வந்துவிடும். பையன் சுரண்டுகிறான் என்றால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். 5 முதல் 10 நாளில் ஓரம் சுருண்டு தானே உதிரும். தொங்குகிறதே என்று இழுக்காதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தால், காயம் ஆறியிருக்கும் பட்சத்தில், அப்போது வாசலின் தடவலாம். முதலில் எதிரியாக இருந்ததே இப்போது உதவும்.

விழுந்து மறுபடி பிளந்தால் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து. பிறகு அன்றே திரும்பக் காட்டுங்கள்.

ஓரத்தில் லேசான சிவப்பு முதல் ஓரிரு நாள் இருக்கும். அது பரவினால், வீக்கமும் வலியும் குறையாமல் ஏறினால், சீழோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்க வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால், புட்டியில் உள்ள அளவுப்படி. சளி மருந்திலும் அதுவே கலந்திருக்கலாம், பார்த்துக் கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடாது.

அடிபட்டது தலை என்பதால், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத மயக்கம், வலிப்பு, தள்ளாட்டம் இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர ஊர்தி. போனில் ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஆறிய தழும்பு வெயிலில் கறுக்கும். ஓராண்டுக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும்.

இன்னொன்று: ஊரில் போட்ட தடுப்பூசி இங்குள்ள பதிவேட்டில் தானாக ஏறாது. டெட்டனஸ் ஊசி முறைப்படி போட்டாயிற்றா என்பது அவசரப் பிரிவினருக்குத் தெரிந்திருக்காது. தடுப்பூசி அட்டையை எடுத்துப்போய் குடும்ப மருத்துவரிடம் காட்டி இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.