"ஆவன செய்யுமா?" என்று கேட்டால் போதாது

வாசகர் கேள்வி – பதில்

(நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், குப்பை, பொதுச் சுகாதாரம், சட்டமன்றக் கேள்விகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கை மாற்றச் சொல்லி எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்டார். அமைச்சர் பதிலும் சொன்னார். கிடங்கு மட்டும் அதே இடத்தில் புகைந்துகொண்டிருக்கிறது. அப்புறம் எதற்கு இந்தக் கேள்வி நேரம்?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது அம்மா. அந்த மாதிரிப் பதில்களை எழுதித் தரும் நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன்.

சட்டமன்றக் கேள்வியை அலுவலகத்தில் "எல்.ஏ.க்யூ." என்போம். அது வந்துவிட்டால் மற்ற வேலை எல்லாம் நின்றுபோகும். "இன்று சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்" என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும். கேள்வி (அ), (ஆ), (இ) என்று பிரிந்திருக்கும். ஒருமுறை எங்கள் நகராட்சிக்கு இப்படி வந்தது: "(அ) குப்பைக் கிடங்கால் பொதுமக்களுக்கு நோய் ஏற்படுவதை அரசு அறியுமா? (ஆ) ஆம் எனில், கிடங்கை வேறிடத்துக்கு மாற்ற அரசு ஆவன செய்யுமா?"

புகார்ப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். எழுத்தில் ஒரு புகார்கூட இல்லை. தெருவில் என்னை நிறுத்திச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். கிடங்குக்கு அடுத்த தெருவில் ஒரு பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தப் பையனின் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய் வந்தது. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. நான் எழுதிய பதில் இதுதான்: "(அ) அவ்வாறான புகார் ஏதும் பெறப்படவில்லை. (ஆ) எழவில்லை." அதாவது, முதல் கேள்விக்கே 'இல்லை' என்பதால் இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை என்று அர்த்தம். நாலு கையெழுத்து தாண்டி அது மேலே போய்விட்டது. பதிவேட்டின்படி அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தப் பையனை நினைக்கும்போது மட்டும் இன்றும் எனக்கு மனசு ஆறாது. அன்றைக்கே அந்தப் பாட்டியிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து எழுதி வாங்கியிருக்கலாம்.

நாலைந்து வருஷம் கழித்து, அதே கிடங்கைப் பற்றி வேறொரு உறுப்பினர் கேட்டார். நாள்தோறும் எத்தனை டன் குப்பை சேர்கிறது? எந்த எடைமேடையில் எடை போடப்படுகிறது? அதில் தரம் பிரிக்கப்படுவது எவ்வளவு? கடந்த 12 மாதங்களில் எந்தெந்தத் தேதிகளில் தீயணைப்பு வண்டி வந்தது? இதற்கு "எழவில்லை" என்று எழுத வழியே கிடையாது. எங்களிடம் எடைமேடை இல்லை. லாரி எத்தனை டிரிப் அடித்தது என்று எண்ணி, ஒரு சராசரியால் பெருக்கி டன் கணக்குக் காட்டிவந்தோம். தீயணைப்பு நிலையத்திலோ அவர்கள் வந்துபோன ஒவ்வொரு தேதியும் அவர்களுடைய பதிவேட்டில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆணையர் அன்று இரவே பொறியாளரைக் கூப்பிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதத்துக்குள் எடைமேடை வந்தது. ராத்திரிக் காவலுக்கு ஆள் வந்தது. கிடங்கு போகவில்லைதான். ஆனால் தீப்பிடிப்பது குறைந்தது.

ஆகவே உங்கள் எம்.எல்.ஏ.விடம் "கிடங்கை எடுக்கச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தீ வைத்த நாள்கள், புகை சூழ்ந்த தெருக்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருமலுக்கும் இழுப்புக்கும் சீட்டு வாங்கியவர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகராட்சியிடமும் தீயணைப்புத் துறையிடமும் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தக் காகிதம் உறுப்பினர் கையில் இருந்தால், அமைச்சர் பதில் சொன்னதும் அவர் எழுந்து துணைக்கேள்வி கேட்க முடியும். உண்மை பெரும்பாலும் அந்தத் துணைக்கேள்வியில்தான் வெளியே வரும்.

கேள்வி: மலக்குழியில் இறங்கி யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொன்னார்களாமே, உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: 2021 ஜூலையில் மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கே உள்ளிட்டோர் கேட்ட கேள்விக்கு வந்த பதில் அது. கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்ததாக எந்தத் தகவலும் பதிவாகவில்லை என்றார் அமைச்சர். அதே கூட்டத்தொடரில் இன்னொரு பதிலில், கழிவுநீர்க் குழாய்களையும் செப்டிக் டேங்குகளையும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அரசே சொன்னது. தமிழ்நாட்டில் மட்டும் 213 பேர். நாட்டிலேயே அதிகம் நம் மாநிலத்தில்தான்.

இரண்டு பதிலும் ஒரே அரசினுடையது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் "கையால் மலம் அள்ளுதல்" என்பதற்கு ஒரு விளக்கமும், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதற்கு "அபாயகரமான துப்புரவு" என்று வேறொரு விளக்கமும் வைத்திருக்கிறது. முதல் சொல்லைப் போட்டுக் கேட்டால் ஒருவர்கூட இல்லை. இரண்டாவதைப் போட்டுக் கேட்டால் 941 பேர். செத்தவர்கள் என்னவோ அதே மனிதர்கள்தான். இதைப் படித்த அன்று என்னால் சாப்பிட உட்கார முடியவில்லை. என்னோடு வேலை பார்த்த தூய்மைப் பணியாளர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின.

இழப்பீட்டையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உங்கள் உறுப்பினரிடம், இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பத்துக்கு முழுத்தொகையும் போய்ச் சேர்ந்தது, எந்தத் தேதியில் என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: "பரிசீலனையில் உள்ளது" என்று அமைச்சர் சொல்லிவிட்டால் கதை முடிந்ததுதானே?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை. அவையில் சொன்ன அந்த வார்த்தை ஓர் உறுதிமொழி. மக்களவையில் அதற்கென்றே 1953 முதல் உறுதிமொழிக் குழு இயங்குகிறது. "பரிசீலனையில் உள்ளது", "கவனிக்கிறேன்", "தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்" போன்ற சொற்றொடர்கள் எல்லாம் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். நம் சட்டப்பேரவைக்கும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வு செய்வார்கள். அவர்கள் வருகிற நாளில் அதிகாரிகள் எப்படிப் பரபரப்பார்கள் என்பதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். வருகை பற்றிய செய்தி பத்திரிகையில் வரும். அமைச்சர் எந்த நாளில் என்ன சொன்னார் என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, குழுத் தலைவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருத் தொட்டியில் ஊசிகளும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் கிடக்கின்றன. இதைச் சட்டமன்றம் வரை கொண்டுபோக வேண்டுமா?
– வாசகி, தென்காசி

பதில்: கட்டாயம் கொண்டுபோங்கள். உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். எங்கிருந்து வந்தது என்பதைக் குப்பைக்குள் கிடந்த நோயாளிகளின் காகிதங்களே காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கண்டித்து உத்தரவிட்டபின், கேரள அரசே லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. 2025-இல், மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தத்தை நம் சட்டப்பேரவை நிறைவேற்றியது.

2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், ஊசி போன்ற கூரானவை துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், குளுக்கோஸ் குழாய் மாதிரிப் பிளாஸ்டிக் சிவப்புப் பையில், மருந்து பாட்டில் போன்ற கண்ணாடி நீலத்தில். பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆகவே தொட்டியில் பை கிடந்தால் கை வைக்காதீர்கள். பார்கோடும் தேதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிட்டு, நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.

என்னிடம் வேலை பார்த்த ஓர் அம்மா, பெயர் வேண்டாம், சாக்கு மூட்டையைத் தூக்கும்போது உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. பார்ப்பதற்கு ஒரு கடுகளவு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போனார். நான் இழுத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ஊசி யார் உடம்பில் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனை, திரும்பப் பரிசோதனை என்று மாதக்கணக்கில் அவர் ராத்திரித் தூக்கம் இல்லாமல் இருந்தார். கடைசியில் ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்த அன்று ஆஸ்பத்திரி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணைதான்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. அவருக்கு ஒரு தவணைகூடப் போட்டிருக்கவில்லை. உங்கள் நகராட்சியில் எத்தனை தூய்மைப் பணியாளர்களுக்கு மூன்றும் போட்டு முடித்திருக்கிறார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் சேர்த்தியா? இதைச் சட்டமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குப்பைக் கிடங்குத் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாதா? ஏன் நாள்கணக்கில் எரிகிறது?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: மக்கும் குப்பை காற்றுப் புகாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் உண்டாகும். தீ மேலே தெரிந்தாலும் உள்ளே பல அடி ஆழத்தில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் மேலோடு வழிந்துவிடும். இயந்திரத்தால் கிளறிக் கிளறித்தான் அணைக்க வேண்டும். கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-ஆம் தேதி பிடித்த தீயை அணைக்க ஏறக்குறைய 12 நாள் ஆனது. வீட்டிலேயே மக்கும் குப்பையைப் பிரித்துக் கொடுத்தால், எரிவதற்கான வாயு கிடங்கில் அந்த அளவுக்குச் சேராது.

கேள்வி: எங்களுடையது கிராமம். எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதே கஷ்டம். நாங்கள் எங்கே கேட்பது?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடும். குப்பை எங்கே கொட்டப்படுகிறது, குடிநீர்த் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எந்தத் தேதி என்று கேளுங்கள். பதில் வாய்ப்பேச்சாக முடிந்துவிடக் கூடாது. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கேள்வி ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.