பட்டறைப் பதில்கள்: மூன்று பேக்கிங் போட்டும் நிற்காத கசிவு

கேள்வி: வாப்பா 1986-ல் வாங்கிய பிரீமியர் பத்மினியை இன்றும் ஓட்டுகிறேன். இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் மானிபோல்டிலிருந்து சைலன்சர் குழாய் இறங்கும் பிளாஞ்சில், அதாவது இணைப்புத் தட்டில், புகை கசிகிறது. தட்டுகளுக்கு நடுவில் கசிவை அடைக்கும் பேக்கிங்கை ஒரு வருடத்தில் மூன்று முறை மாற்றினோம். இரண்டு மாதம் தாங்குகிறது, மறுபடி 'டப் டப்' சத்தம். சைலன்சரையே மாற்றிவிடலாமா? - ஒரு வாசகர், கீழக்கரை.

பதில்: அவசரப்பட்டுச் சைலன்சரை மாற்றாதீர்கள், தம்பி. மூன்று பேக்கிங்கும் ஒரே இடத்தில் போயிருக்கிறது என்றால் அந்த இணைப்பை ஏதோ ஒன்று ஆட்டிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பானெட்டைத் திறந்து பாருங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விடட்டும். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிக் குலுங்கினால் அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் போய்விட்டது. இன்ஜினோடு மானிபோல்டு ஆடுகிறது, குழாயோ பாடியில் கட்டப்பட்டிருக்கிறது. நடுவில் நசுங்குவது அந்தப் பேக்கிங்தான். அப்புறம் கீழே குனிந்து சைலன்சரைத் தாங்கும் பின்பக்கத் தொங்கல் ரப்பரையும் பாருங்கள். உச்சிப்புளியில் என் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் ரப்பர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். குழாய் அசைய இடமே இல்லை. குலுக்கல் முழுவதையும் பிளாஞ்சு வாங்கியிருக்கிறது, நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் ஒன்று பாதி விரிசல் விட்டிருந்தது. ரப்பர் மாட்டிய பிறகுதான் புதுப் பேக்கிங் போட்டேன். கசிவு நின்றுவிட்டது.

கழற்றுவதில் பொறுமை வேண்டும். முந்தின இரவே நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். ஸ்பானர் நகரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். பெட்ரோல் குழாயும் கார்புரேட்டரும் பக்கத்திலேயே இருப்பதால் தீ வைத்துச் சூடாக்கும் வேலையைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள். ஸ்டட் முறிந்தால் துளை போட்டு டேப் அடித்து மரை வெட்ட அரை நாள் போகும். பழைய பேக்கிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், தூசி மூச்சில் ஏறக் கூடாது. கரி போனதும் ஸ்டீல் ஸ்கேலைப் பிளாஞ்சின் முகத்தில் விளிம்பாக நிறுத்தி எதிரே டார்ச் அடியுங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் முகம் வளைந்திருக்கிறது. அதை லேத்தில் சமன் செய்யாமல் எந்தப் பேக்கிங்கும் உட்காராது.

நட்டு பித்தளையாக இருக்கட்டும். இரும்பு நட்டு சூட்டிலும் நம் உப்புக்காற்றிலும் ஸ்டட்டோடு ஒன்றாகிப் போகும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தார் அரிப்பைச் சோதிக்க மண்டபம் ஊரைத் தேர்ந்தெடுத்ததே இந்தக் காற்றுக்காகத்தான். பத்மினி பியட் வழி வந்த வண்டி, மில்லிமீட்டர் மரை. அம்பாசடரின் அங்குல நட்டை ஏற்றி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு முறை சூடாக ஓட்டி, ஆறியதும் திரும்ப முறுக்குங்கள்.

சரி பார்க்க, ஈரத்துணியால் பின் குழாயின் வாயை ஒரு நொடி பொத்துங்கள். இணைப்பில் 'உஸ்' என்றால் இன்னும் கசிகிறது.

வேலை முடியும்வரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குடும்பத்தோடு போகாதீர்கள். இந்தக் கசிவு இன்ஜின் பக்கத்தில் இருக்கிறது. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் வயர் போகும் துளையின் ரப்பர் விழுந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பிள்ளைகள் தலைவலி, குமட்டல் என்றால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் துளைகளை இன்றைக்கே அடைத்துவிடுங்கள்.

கேள்வி: தனுஷ்கோடி போய் வந்தால் சைலன்சரையும் கழுவ வேண்டுமா? - ஒரு வாசகி, தங்கச்சிமடம்.

பதில்: கட்டாயம் கழுவுங்கள், அம்மா. நல்ல தண்ணீர்தான், ஆனால் வண்டி நன்றாக ஆறிய பிறகு. வார்ப்பிரும்பு மானிபோல்டு சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் விரிசல் விடும். உள்ளே இருந்தும் துரு வரும்: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகி ஆவியாகப் புகையோடு வருகிறது. கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் வண்டியில் அது சைலன்சருக்குள் தங்கிவிடும். வாரம் ஒரு முறை ராமநாதபுரம் வரை ஓட்டிவிட்டு வாருங்கள், காய்ந்துவிடும்.