மறுமணத்துக்குப் பிறகு பழைய உயில் என்னாகும்?

விவாகரத்தாகி மறுமணம் செய்துகொண்டவர், முதல் மனைவி பெயரில் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் இந்து என்றால் ஆகாது. விவாகரத்தும் அதை ரத்து செய்யாது, மறுமணமும் செய்யாது. நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆனால் வீடு முன்னாள் மனைவிக்குத்தான் போகும். இன்றைய மனைவி கோர்ட்டில் அலைய வேண்டியிருக்கும். கிறிஸ்தவர்களுக்கு வேறு: 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69ஆவது பிரிவுப்படி, திருமணத்தோடு முந்தைய உயில் செல்லாததாகிவிடும்.

ஆகவே புதிதாக எழுதுங்கள். 'இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், பின்னால் வரும் சண்டை குறையும்.

எனக்கு மிகவும் கவலை தருவது குழந்தைகள் விஷயம். முதல் திருமணத்துப் பிள்ளைகள் உயில் இல்லாவிட்டாலும் உங்கள் வாரிசுகளே. ஆனால் இரண்டாம் மனைவி கூட்டிவந்த பிள்ளை, நீங்கள் சட்டப்படி தத்தெடுக்காதவரை, வாரிசு ஆகாது. 'அப்பா' என்று கூப்பிட்டு வளரும் பிள்ளையை வெறுங்கையோடு விட்டுவிடாதீர்கள். உயிலில் பெயர் சொல்லி எழுதுங்கள். வங்கி, காப்பீடு, பி.எஃப். நாமினியையும் அதே வாரத்தில் மாற்றிவிடுங்கள்.