மகளுக்கு பவர் எழுதிக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு 71 வயது. கணவர் இல்லை, மதுரையில் தனியாக இருக்கிறேன். சொந்த வீடு, வாடகைக்கு விட்ட ஒரு கடை, வங்கியில் கொஞ்சம் டெபாசிட் உண்டு. கண் பார்வை மங்கி வருவதால், திருச்சியில் இருக்கும் மகளுக்கு ஜெனரல் பவர் எழுத நினைக்கிறேன். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பவர் இருந்தால் நான் நினைவில்லாமல் படுத்துவிட்டாலும், எனக்குப் பிறகும் மகளே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், உயில் வேண்டாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சரிதானா?

பதில்: பவர் எழுதுவது நல்ல யோசனைதான் அம்மா. ஆனால் உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது தவறு. அதை நம்பி உயில் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்காகக் கையெழுத்துப் போட மகளுக்கு நீங்கள் கொடுக்கும் அனுமதிதான் பவர். அதனால் சொத்து அவர் பெயருக்கு மாறாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும். உடல் முடியாமல் படுத்திருந்தாலும் நினைவு தெளிவாக இருந்தால் பவர் செல்லும். மறதி நோய் முற்றினாலோ கோமாவுக்குப் போனாலோ செல்லாது. நினைவு தவறிய பிறகும் நீடிக்கும்படி பவர் எழுத அமெரிக்கா, இங்கிலாந்தில் வழி உண்டு, நம் சட்டத்தில் இல்லை. குடும்பங்கள் இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு தெரிந்துகொள்வதுதான் எனக்கு வருத்தம்.

அந்த நிலையில் நீதிமன்றம்தான் கதி. 2024இல் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவும் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அதுவும் தனி நீதிபதி மறுத்து, மேல்முறையீட்டுக்குப் போன பிறகுதான்.

அதனால் வங்கிப் பணத்துக்கு பவரை மட்டும் நம்ப வேண்டாம். மகளைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்து, 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் யாரோ ஒருவர், அல்லது உயிருடன் இருப்பவர் இயக்கலாம் என்ற) முறையில் வையுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட முடியாத நாளிலும் அவர் பணம் எடுக்கலாம். ஆனால் அந்த முறையில் இருக்கும் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைக்க, பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஆகவே மருத்துவச் செலவுக்கான தொகையைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவையுங்கள்.

சரி, பவரில் என்ன எழுதுவது? வாடகை வாங்குவது, சொத்து வரி, மின் கட்டணம், அரசு அலுவலக வேலைகள் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் தானம் கொடுக்கவும் அதிகாரம் வேண்டாம் என்பேன். மகள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. அந்த அதிகாரம் பத்திரத்தில் இருந்தால் நாளை அண்ணன் தங்கைக்குள் மனக்கசப்பு வரும். கடையை விற்கும் நாள் வந்தால் அதற்கென்று தனி பவர் கொடுத்துக்கொள்ளலாம். பார்வை மங்கியதால், படித்துக் காட்டப்பட்டு நீங்கள் புரிந்துகொண்டதாகப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பவரைப் பதிவு செய்ய நேரில் போக உடல்நிலை இடம் தராவிட்டால், விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வருவார்.

பின்னால் மனம் மாறினால் ரத்துப் பத்திரம் எழுதலாம். ஆனால் அதோடு விட்டுவிடாமல் மகளுக்கும் வங்கிக்கும் வாடகைதாரருக்கும் எழுத்தில் சொல்லுங்கள். ரத்தானது தெரியாத ஒருவர் பழைய பவரை நம்பிச் செய்தது உங்களைக் கட்டுப்படுத்தும்.

அப்புறம் உயில். உங்களுக்குப் பிறகு யாருக்கு என்ன என்று சொல்லும் பத்திரம் அதுதான். பவர் ஏஜென்ட் உங்களுக்காக உயில் எழுத முடியாது. நாமினியும் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர்தான், உரிமையாளர் இல்லை. உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் பங்கு போகும். நீங்கள் நினைப்பதும் அதுதானா என்று யோசியுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம், சொத்து பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் உங்கள் பார்வையைக் காரணம் காட்டி யாரும் கேள்வி எழுப்பாமல் இருக்கப் பதிவு செய்துவிடுங்கள். நல்ல மனநிலையில் இருக்கிறீர்கள் என்று மருத்துவர் சான்றும் வாங்கிவையுங்கள்.

முதலில் உயில், அடுத்து வங்கிக் கணக்கு, பிறகு பவர். கண் படிக்க விடும்போதே உயிலின் வரைவை நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள், மகனுக்கும் போனில் சொல்லிவிடுங்கள்.